சொட்டுச் சொட்டாய்ப் போகும் பெட்ரோல்: பழைய வண்டியில் கார்புரேட்டர் ஒழுகினால் என்ன செய்வது?



போன இதழில் கறவை மாட்டுக் காப்பீடு பற்றிப் பார்த்தோம். இந்த இதழில் நம்மில் பலர் தினமும் ஓட்டுகிற வண்டியைப் பற்றிப் பேசப் போகிறோம். "இது ஆம்பளைங்க சமாச்சாரம், நமக்கு எதுக்கு?" என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். குழுவில் கடன் வாங்கி வண்டி எடுத்தது நாம். தவணை கட்டுவது நாம். காய்கறி மூட்டையை வைத்து ஓட்டுவதும் நாம்தான். அதில் பெட்ரோல் ஒழுகினால் என்ன, ஏன் என்று தெரிந்துகொள்ள வேண்டியதும் நாம்தானே?

ஒரு குழுக் கூட்டத்தில் நடந்தது

நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு குழுவில், உறுப்பினர் ஒருவர் உள்கடன் 2,000 ரூபாய் கேட்டார். அவர் எக்ஸ்.எல். சூப்பர் வண்டியில் சுற்று ஊர்களுக்குக் கீரை, காய்கறி கொண்டுபோய் விற்பவர். எதற்குக் கடன் என்று கேட்டபோது, "வண்டியில பெட்ரோல் சொட்டிக்கிட்டே இருக்குங்க. கார்ப்பரேட்டரையே மாத்தணும்னு சொல்றாங்க" என்றார்.

எத்தனை நாளாகச் சொட்டுகிறது என்று ஊக்குநர் கேட்டார். "ஒரு மாசம் இருக்கும். கீழே கொட்டாங்கச்சி வச்சிடுவேன். காலையில எடுத்து மறுபடி டேங்கில ஊத்திக்குவேன்" என்று சாதாரணமாகச் சொன்னார். ராத்திரி வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள் என்று கேட்டபோதுதான் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். திருட்டுப் பயத்தால் வீட்டுக்குள்ளேயே நிறுத்துகிறார். தடுப்புக்கு அந்தப் பக்கம் அடுப்பு. கரண்டு போனால் அதே அறையில்தான் மெழுகுவத்தி வைத்துப் பிள்ளை படிக்கிறது.

"வாசம் வரலையா அக்கா?" என்று ஒரு பெண் கேட்டார். "முதல்ல வந்துச்சு. அப்புறம் பழகிப் போச்சு" என்றார்.

சகோதரிகளே, இந்தப் 'பழகிப் போச்சு' என்பதுதான் ஆபத்து. ஒரே வாசத்தில் இருந்தால் நம் மூக்கு அதை உணர்வதை நிறுத்திவிடும். வாசம் தெரியவில்லை என்பதால் ஆவி இல்லை என்று ஆகிவிடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு பரவி, தாழ்வான இடத்தில் தேங்கும். தரையில் எரியும் அடுப்பும் விளக்கும் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

நஷ்டக் கணக்கையும் பார்ப்போம். அன்று ராத்திரி சொட்டியதை அவர் ஒரு பழைய 100 மில்லி பாட்டிலில் ஊற்றிப் பார்த்தார். பாதிக்கு மேல், சுமார் 60 மில்லி இருந்தது. 30 ராத்திரிக்கு 1,800 மில்லி. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே மாதம் 180 ரூபாய். அவர் குழுவில் கட்டும் மாதச் சேமிப்பு 200 ரூபாய்! கொட்டாங்கச்சியில் விழுந்ததைத் திரும்ப ஊற்றினாலும், ஆவியாகப் போனது போனதுதான். பகலில் ஓடும்போது ஒழுகுவது தனி.

குழு என்ன முடிவு செய்தது, கடைசியில் என்ன ஆனது என்பதைப் பிறகு சொல்கிறோம். முதலில் இந்தக் கார்புரேட்டர் என்பது என்னவென்று பார்ப்போம்.

கார்புரேட்டர் என்ன வேலை செய்கிறது?

என்ஜினுக்குப் பெட்ரோல் மட்டும் போதாது. காற்றோடு சரியான அளவில் கலந்து போக வேண்டும். அப்படிக் கலந்து கொடுக்கும் கருவிதான் கார்புரேட்டர். 1980-ல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 முதல், எக்ஸ்.எல். சூப்பர், பழைய ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் வரை எல்லாவற்றிலும் இது உண்டு. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு விற்ற புது வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் கிடையாது. அவற்றில் பெட்ரோலைப் பீய்ச்சும் மின் கருவி இருக்கிறது. ஆகவே இந்தக் கட்டுரை பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு.

கார்புரேட்டரின் அடியில் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும். மெக்கானிக்குகள் 'கப்' என்பார்கள். டேங்கிலிருந்து ட்யூப் வழியாக இறங்கும் பெட்ரோல் முதலில் இந்தக் கிண்ணத்தில்தான் நிற்கும். கிண்ணம் நிறைந்து வழியக் கூடாது, காலியாகவும் கூடாது. இதைப் பார்த்துக்கொள்வது யார்?

நம் ஊரில் வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஒரு பந்து மிதக்கும். தண்ணீர் ஏற ஏறப் பந்தும் ஏறும். தொட்டி நிறைந்ததும் பந்து வால்வை அழுத்தி மூடிவிடும். தண்ணீர் குறைந்தால் பந்து இறங்கும், வால்வு திறக்கும். கார்புரேட்டரிலும் இதே ஏற்பாடுதான். பந்துக்குப் பதில் 'ஃப்ளோட்' என்ற மிதவை. வால்வுக்குப் பதில் 'நீடில்' என்ற சின்ன ஊசி. பெட்ரோல் போதுமான அளவு வந்ததும் மிதவை ஏறி, ஊசியைத் தூக்கி, பெட்ரோல் வரும் துளையை அடைத்துவிடும். ஊசியின் நுனி போய் உட்காரும் இடத்துக்கு 'சீட்' என்று பெயர்.

தொட்டியின் பந்து வால்வு கெட்டால் என்ன ஆகும்? மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். அதேபோல ஊசி சரியாக அடைக்கவில்லை என்றால் டேங்கில் உள்ள பெட்ரோல் இறங்கிக்கொண்டே இருக்கும். அது வழிந்து போகவென்றே ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. அதன் வழியாகத் தரையில் சொட்டும். 'ஓவர்ஃப்ளோ ஆகுது' என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான்.

ஏன் ஒழுகுகிறது?

கார்புரேட்டர் பக்கம் பெட்ரோல் சொட்டுவதற்குப் பொதுவான காரணங்கள் இவை:

1. ஊசிக்கும் சீட்டுக்கும் நடுவில் தூசி, துருத்துகள் மாட்டிக்கொள்வது. இதுதான் அடிக்கடி நடப்பது. ஒரு மணல் துகள் அளவு போதும், துளை முழுசாக அடைபடாது.

2. ஊசியின் நுனி தேய்ந்துபோவது. பல வருஷம் ஒரே இடத்தில் தட்டித் தட்டி, நுனியைச் சுற்றி மோதிரம் போல ஒரு கோடு விழுந்துவிடும்.

3. மிதவை கெட்டுப்போவது. ஓட்டை விழுந்து உள்ளே பெட்ரோல் புகுந்தால் அது மிதக்காது. சில சமயம் ஓரத்தில் உரசி ஏறாமல் நின்றுவிடும்.

4. கிண்ணத்தின் வாயில் இருக்கும் வாஷர் காய்ந்து கெட்டியாவது, அல்லது கிண்ணத்தின் திருகுகள் தளர்வது.

5. கிண்ணத்தின் அடியில் பெட்ரோலை வடிக்க இருக்கும் திருகு தளர்வது. எல்லா வண்டியிலும் இந்தத் திருகு இருக்காது.

6. டேங்கிலிருந்து வரும் ரப்பர் ட்யூப் வெடிப்பது, அதன் கிளிப் கழன்றுபோவது.

7. பெட்ரோல் டேப்பிலேயே கசிவது. இது கார்புரேட்டர் கோளாறே இல்லை. ஆனால் பெட்ரோல் வழிந்து கார்புரேட்டர் மேல் விழுவதால், அங்கே ஒழுகுவது போலத் தெரியும்.

இந்த 7-ல் கார்புரேட்டரையே மாற்ற வேண்டிய காரணம் எத்தனை? ஒன்றுகூட இல்லை. சுத்தம் செய்வது, முடுக்குவது, சின்ன உதிரிப் பாகத்தை மாற்றுவது, இவ்வளவுதான். உடல் பாகமே வெடித்திருந்தாலோ, மரை தேய்ந்து திருகு நிற்காவிட்டாலோ, சீட் தனியாகக் கழற்ற முடியாத வகையாக இருந்து தேய்ந்துவிட்டாலோதான் முழுசாக மாற்றும் பேச்சு வரும்.

இன்னொன்று: வண்டி கீழே விழுந்தாலோ மிகவும் சாய்ந்து நின்றாலோ கொஞ்சம் பெட்ரோல் வழியும். மிதவை சாய்ந்துவிடுவதால் அப்படி ஆகிறது. நிமிர்த்தி நிறுத்திய பிறகு நின்றுவிட்டால் கோளாறு இல்லை.

முதலில் பாதுகாப்பு

எதைத் தொடுவதற்கும் முன்னால் இவற்றைச் செய்யுங்கள்.

• பெட்ரோல் டேப்பை மூடுங்கள். ஒழுகுவதைப் பார்த்தவுடன் கை போக வேண்டிய முதல் இடம் இதுதான். வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தன் வண்டியில் டேப் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருப்பினால் மூடும், எந்தப் பக்கம் ரிசர்வ் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

• வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் தள்ளிக்கொண்டு வெளியே, காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுவாருங்கள். அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி, பீடி, சிகரெட் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. வீட்டுக்குள் வாசம் தேங்கியிருந்தால் லைட் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கதவு, ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

• என்ஜினும் சைலன்சரும் நன்றாக ஆறட்டும். அரை மணி நேரமாவது விடுங்கள்.

• பகல் வெளிச்சத்தில் மட்டும் பாருங்கள். தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் வேலை ஒருபோதும் வேண்டாம்.

• முந்தானையை, துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

• ஒரு வாளி காய்ந்த மணல் பக்கத்தில் இருக்கட்டும். பெட்ரோலில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. பெட்ரோல் தண்ணீர் மேல் மிதந்து தீயை இன்னும் பரப்பும். மணலைப் போட்டு மூட வேண்டும். பெரிதாகிவிட்டால் வண்டி போனால் போகட்டும் என்று விலகி, 101-க்குப் போன் செய்யுங்கள்.

எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பது

இதற்கு மெக்கானிக் வேண்டாம். ஒரு பழைய துணி, ஒரு செய்தித்தாள், பத்து நிமிஷப் பொறுமை போதும்.

முதல் படி: வண்டியை சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டேப்பை மூடியபடியே டேப், ட்யூப், கார்புரேட்டர் எல்லாவற்றையும் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். எக்ஸ்.எல். சூப்பர் போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் பெட்ரோலோடு ஆயில் கலந்திருக்கும். பெட்ரோல் காய்ந்தாலும் ஆயில் தடம் நிற்கும். அந்தத் தடம் எங்கே தொடங்குகிறது என்று துடைப்பதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: கீழே செய்தித்தாளை விரியுங்கள். டேப் மூடியிருக்கும்போதே டேப்பைச் சுற்றி மறுபடி ஈரம் வருகிறதா? வந்தால் கோளாறு டேப்பில், அல்லது டேப் டேங்கில் சேரும் இடத்தில்.

மூன்றாம் படி: என்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல் டேப்பை மட்டும் திறங்கள். பத்து நிமிஷம் பாருங்கள். தண்ணீரைப் போலப் பெட்ரோலும் கீழ்நோக்கித்தான் ஓடும். ஆகவே சொட்டும் இடத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஈரமாக இருக்கும் இடங்களில் எது மேலே இருக்கிறதோ, அதுதான் ஆரம்பம்.

• ட்யூபின் முனை ஈரமானால்: ட்யூப் அல்லது கிளிப்.
• கிண்ணமும் மேல்பாகமும் சேரும் விளிம்பு ஈரமானால்: வாஷர் அல்லது திருகுகள்.
• அடியில் உள்ள சின்னக் குழாயில் சொட்டினால்: முதலில் வடிகால் திருகு இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் பல வண்டிகளில் அது தளர்ந்தாலும் இதே குழாயில்தான் சொட்டும். திருகு இறுக்கமாக இருந்தும் சொட்டினால் ஊசி அல்லது மிதவை.
• ஏர் ஃபில்டர் பக்கம் ஈரமானால்: அதுவும் பெரும்பாலும் ஊசி, மிதவைக் கோளாறுதான். வழியும் குழாய் அடைத்துக்கொண்டால் பெட்ரோல் அந்தப் பக்கம் போகும்.

பார்த்ததைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்கிடம் போய், "தம்பி, பெட்ரோல் ஒழுகுதுப்பா" என்று மட்டும் சொல்வதற்கும், "டேப்பைத் திறந்து வச்சா அடிக்குழாயில சொட்டுது, ட்யூப்ல ஈரம் இல்ல, அடித் திருகு டைட்டாதான் இருக்கு" என்று சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

நாமே செய்யக்கூடியவை

தட்டிப் பார்ப்பது: ஊசியோ மிதவையோ சிக்கி நின்றிருந்தால், ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் கிண்ணத்தின் பக்கவாட்டில் நாலைந்து முறை மெதுவாகத் தட்டுங்கள். சில நேரம் அதிலேயே நின்றுவிடும். பல நாள் ஓடாமல் நின்ற வண்டியில் இது அடிக்கடி பலன் தரும். பெட்ரோல் ஆவியாகிப் போய், மீதியுள்ள பிசுக்கு ஊசியைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

வடித்துவிடுவது: வடிகால் திருகு உள்ள வண்டியில், டேப்பை மூடி, சமையலுக்குப் பயன்படாத ஒரு கிண்ணத்தைக் கீழே வைத்துத் திருகைத் தளர்த்துங்கள். பழைய பெட்ரோல் வடியட்டும். பிறகு டேப்பை இரண்டு மூன்று நொடி திறந்து மூடுங்கள். வரும் பெட்ரோல் அழுக்கை அடித்துக்கொண்டு வரும். திருகை மறுபடி முடுக்குங்கள். வடித்ததை உற்றுப் பாருங்கள். அடியில் செம்பழுப்புத் தூள் இருந்தால் டேங்கில் துரு. முத்து முத்தாகத் தனியாக உருண்டால் தண்ணீர்.

முடுக்குவது: கிண்ணத்தின் திருகுகளை ஒன்றை முழுசாக முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி முடுக்க வேண்டும். பலத்தைக் காட்ட வேண்டாம். கார்புரேட்டர் மெதுவான உலோகம், மரை போய்விடும். மரை போனால்தான் நிஜமாகவே பெரிய செலவு.

ட்யூப் மாற்றுவது: முனை மட்டும் வெடித்து, ட்யூப் நீளமாக இருந்தால் அந்த முனையை வெட்டிவிட்டு மறுபடி மாட்டலாம். விரலால் மடக்கிப் பார்க்கும்போது கீறல் தெரிந்தால் முழுசாக மாற்றுங்கள். பெட்ரோல் ட்யூப் என்று கேட்டு வாங்குங்கள். தண்ணீர் ட்யூப், மருந்துக்கடை ட்யூப் எல்லாம் பெட்ரோலுக்குத் தாங்காது.

மெக்கானிக்கிடம் போகும்போது

மேலே சொன்னவற்றில் நிற்கவில்லை என்றால் கிண்ணத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதை மெக்கானிக் செய்யட்டும். ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள். அவர் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: கிண்ணத்தைக் கழற்றுவது, மிதவையின் பின்னை உருவி மிதவையையும் ஊசியையும் எடுப்பது, சீட்டையும் ஜெட்டுகளையும் பெட்ரோலால் கழுவிக் காற்று அடிப்பது, திரும்ப மாட்டுவது.

அப்போது நாம் கேட்க வேண்டியவை:

1. "ஊசியைக் காட்டு தம்பி." நுனியில் மோதிரக் கோடு விழுந்திருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். நகத்தால் தடவினால் தட்டுப்படும். கோடு இருந்தால் புது ஊசி. உப்புத்தாள் வைத்துத் தேய்த்துச் சரிசெய்ய விடாதீர்கள்.

2. "மிதவையைக் காது பக்கம் ஆட்டிக் காட்டு." உள்ளே சளசளவென்று சத்தம் கேட்டால் பெட்ரோல் புகுந்துவிட்டது. மாற்ற வேண்டும்.

3. "வாஷர் புதுசா போடுறியா?" கழற்றிய பழைய வாஷரை அப்படியே போட்டால் மறுபடி கசிய வாய்ப்பு உண்டு.

4. "ரிப்பேர் கிட் எவ்வளவு, முழு கார்ப்பரேட்டர் எவ்வளவு, கூலி எவ்வளவு?" மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். பழைய பாகங்களைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். செலவை நோட்டில் எழுதுங்கள்.

கேட்பதை மரியாதையாகக் கேட்போம். நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார். தொழில் தெரிந்தவருக்குக் காட்டுவதில் சந்தோஷம்தான்.

பைக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை

ஸ்ப்ளெண்டர் போன்ற ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளில் இன்னொரு ஆபத்து உண்டு. ஊசி அடைக்காதபோது பெட்ரோல் வெளியே சொட்டாமல் என்ஜினுக்குள் இறங்கி, என்ஜின் ஆயிலோடு கலந்துவிடலாம். வெளியே ஒன்றும் தெரியாது. டேங்கில் பெட்ரோல் மட்டும் குறையும். ஆயில் மூடியோடு இருக்கும் குச்சியை எடுத்துப் பாருங்கள். ஆயில் அளவு கூடியிருந்தால், தண்ணீர் மாதிரி இளகியிருந்தால், பெட்ரோல் வாசம் அடித்தால் வண்டியை ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம். இளகிய ஆயில் வழுவழுப்புத் தராது, என்ஜின் தேய்ந்துவிடும். ஊசியைச் சரிசெய்து, ஆயிலையும் மாற்றிய பிறகே ஓட்ட வேண்டும்.

எந்த வண்டியானாலும் கிக்கர் இறங்காமல் கல் மாதிரி நின்றால் ஏறி மிதிக்காதீர்கள். உள்ளே பெட்ரோல் நிரம்பியிருக்கலாம். மெக்கானிக் பிளக்கைக் கழற்றி வெளியேற்றட்டும்.

செய்யவே கூடாதவை

• வாயால் உறிஞ்சிப் பெட்ரோல் எடுக்காதீர்கள். நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.
• வடித்த பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில், கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். தப்பித் தவறிப் பிள்ளைகள் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.
• ஜெட் துளையில் ஊக்கு, கம்பி விட்டுக் குத்தாதீர்கள். துளை பெரிதானால் மைலேஜ் போய்விடும்.
• டேங்கில் ஓட்டை விழுந்தால் சோப்பு அப்புவது நம் ஊர் வழக்கம். அது கடை வரைக்கும் போய்ச் சேரத்தான். கார்புரேட்டரில் சோப்போ பசையோ அப்பாதீர்கள். உள்ளே போனால் எல்லாத் துளையும் அடைக்கும்.
• கீழே கொட்டாங்கச்சி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள். திறந்த பெட்ரோலைவிட ஆபத்தான பொருள் வீட்டில் வேறு இல்லை.

கடைசியில் அந்த வண்டி என்ன ஆனது?

கடன் கேட்ட சகோதரியின் கதைக்கு வருவோம். குழு, "முதலில் காரணம் தெரியட்டும், பிறகு கடன்" என்று தீர்மானித்தது. அன்றிலிருந்து வண்டி வாசலில், டேப் மூடி, சங்கிலி போட்டு நின்றது. மறுநாள் பிரதிநிதியும் அவரும் சேர்ந்து வண்டியைப் பார்த்தார்கள். அடிக்குழாயில்தான் சொட்டியது. வேறொரு மெக்கானிக் கழற்றிக் காட்டினார். ஊசியின் நுனியில் மோதிரக் கோடு, சீட்டில் துரு. புது ஊசி, வாஷர், கூலி எல்லாம் சேர்த்து 280 ரூபாய். எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆனால் பத்தாம் நாள் மறுபடி சொட்டியது!

"அப்பவே முழுசா மாத்தியிருக்கலாம்" என்று வீட்டில் பேச்சு. நாங்கள் போனபோது அவர் முகம் வாடியிருந்தது. வடித்துப் பார்த்தால் மறுபடி செம்பழுப்புத் தூள். காரணம் டேங்க். மழையில் நனைந்து நனைந்து உள்ளே துருப் பிடித்திருந்தது. ஊசியைப் புதுசாகப் போட்டாலும் துரு வந்துகொண்டே இருந்தால் என்ன பயன்? புது கார்புரேட்டர் போட்டிருந்தாலும் பத்தாம் நாள் இதே கதைதான் ஆகியிருக்கும். டேங்கைக் கழற்றிக் கழுவி, ட்யூப் நடுவில் ஒரு சின்ன பெட்ரோல் ஃபில்டர் மாட்டினார்கள். அதற்கப்புறம் சொட்டவில்லை.

நாங்களும் இதில் ஒன்று கற்றுக்கொண்டோம். ஒழுகலை நிறுத்தினால் மட்டும் போதாது, அழுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும்.

மறுபடி வராமல் இருக்க

• வண்டியை நிறுத்தும்போதெல்லாம் டேப்பை மூடுங்கள். ராத்திரி கட்டாயம்.
• மழையில் டேங்க் மூடியைப் பிளாஸ்டிக் தாளால் மூடி வையுங்கள். மூடியின் ரப்பர் வாஷர் கெட்டிருந்தால் மாற்றுங்கள்.
• இப்போது பங்குகளில் வரும் பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். 2025-ல் இது 20 சதவீதம் வரை வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய வண்டியின் ரப்பர் பாகங்களையும் சீக்கிரம் கெடுக்கக்கூடும். ஆகவே ட்யூபையும் வாஷரையும் முன்பைவிட அடிக்கடி பாருங்கள்.
• பல நாள் ஓட்டப் போவதில்லை என்றால் டேப்பை மூடி, கிண்ணத்தில் உள்ளதை வடித்துவிடுங்கள்.
• துரு வரும் பழைய டேங்க் என்றால் பெட்ரோல் ஃபில்டர் மாட்டுங்கள். கறுத்தால் மாற்றுங்கள்.
• மைலேஜ் குறைவது, கறுப்புப் புகை, பெட்ரோல் வாசம், பிளக் நனைவது, இவையெல்லாம் சொட்டுவதற்கு முன்னாலேயே வரும் அறிகுறிகள். கண்டால் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில்

படிக்கத் தெரிந்த சகோதரிகள் இந்தக் கட்டுரையைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். முடிந்தால் உறுப்பினர் ஒருவரின் வண்டியை வெளியே நிறுத்தி, ஒவ்வொருவராக வந்து டேப்பை மூடித் திறந்து பாருங்கள். வண்டி ஓட்டாதவர்களும் பார்க்கட்டும். வீட்டில் நிற்கும் வண்டியில் ஒழுகினால் முதலில் பார்ப்பது அவர்களாகத்தான் இருக்கும்.

பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ராத்திரி உங்க வீட்டு வண்டி எங்கே நிக்குது?" அடுப்புப் பக்கம், விளக்குப் பக்கம் நிற்கிறது என்று யாராவது சொன்னால், அன்றைக்கே இடத்தை மாற்றச் சொல்லித் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.

அந்தச் சகோதரி கேட்ட 2,000 ரூபாய்க் கடன் தேவைப்படவில்லை. அடுத்த மாதம் அந்தத் தொகையை அதே குழுவில் இன்னொருவர் பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு வாங்கிக்கொண்டார். சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் சொட்டுச் சொட்டாய்ப் போகாமல் பார்த்துக்கொள்வதும் சேமிப்புதான் சகோதரிகளே.